மாத்து ஃபேன் வீட்டுக்கு வராத கத்திரி

ஃபேனுக்குக் காயில் கட்டுகிறவர்களுக்கு வருஷத்தில் ஒரே ஒரு சீசன்தான், அதுவும் ஊரே திட்டித் தீர்க்கிற சீசன். கத்திரி வெயில் பிறந்துவிட்டால் தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கத்து ஃபேன்களெல்லாம் சொல்லிவைத்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் புகைவிடும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்து, தலைக்கு மேல் நின்றுபோன ஃபேனை வெறித்துப் பார்த்தபடி வேர்த்து வழிந்தவர் நீங்கள் என்றால், உங்களுக்கும் எனக்கும் தனியாக அறிமுகம் தேவையில்லை. ஒருவேளை உங்கள் ஃபேனே என் மடியில் கிடந்திருக்கும்.

எண்பதுகளின் கடைசியில் சேலையூர் கேம்ப் ரோட்டில் எங்கள் கடை. முன்னால் கடை, பின்னால் ஷீட்டுக் கூரை போட்ட ஒரே அறை, அதுதான் வீடு. கல்யாணத்துக்கு முன் கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தவள் நான். அதனால் சுற்றுகிற வேலை எனக்கு. ஃபேனைப் பிரிப்பது, மாட்டுவது, ஏணியில் ஏறுவது எல்லாம் என் வீட்டுக்காரர் தேவராஜுக்கு. வருகிறவர்கள் அவரை அண்ணா என்பார்கள், என்னை அக்கா என்பார்கள். அண்ணாவிடம் கேட்டால் எதுவும் கிடைக்கும், அக்காவிடம் கேட்டால் திட்டு கிடைக்கும் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் ஃபேனைக் கழற்றிக் கொண்டுவந்தால், அது தயாராகும்வரை வேறொரு ஃபேனை உங்கள் வீட்டில் மாட்டிவிட்டு வருவோம். அதற்குப் பெயர் மாத்து ஃபேன். நான் சொல்லப்போகிற வருஷம் கத்திரியின் ஆரம்பத்திலேயே, மாத்துக்கென்று வைத்திருந்த ஃபேன் தானே, திரும்பக் கட்டவே முடியாத மாதிரி கருகிப்போய்விட்டது. எனக்கு நிறைமாசம். ஷீட்டுக் கூரைக்குக் கீழே இட்லிப் பானைக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தேன். புது ஃபேன் வாங்கலாமே என்பீர்கள். பிரசவத்துக்கென்று எடுத்து வைத்ததில் கை வைக்க எனக்கு மனசில்லை. குழந்தையோடு வீட்டுக்கு வரும்போது தலைக்கு மேலே ஒரு ஃபேன் சுற்ற வேண்டும். அந்தக் கத்திரியில் எனக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது.

டீச்சர் வந்தார், ஃபேன் போனது

எங்கள் வீட்டு ஃபேன் ஒரு பழைய பச்சை ஃபேன். மூடிப்போன ஒரு ரேடியோ கடையிலிருந்து இவர் வாங்கி வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக்' என்று ஒரு சத்தம் போடும். ஆனால் காற்று என்றால் அப்படி ஒரு காற்று, மேஜை மேல் இருக்கிற பேப்பர் வாசலுக்குப் போய்விடும். கத்திரி பிறந்த மறுநாள் கிரேஸ் டீச்சர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். ஃபேன் புகைந்துவிட்டதாம், பரீட்சைப் பேப்பர் கட்டு கட்டாகத் திருத்த வேண்டுமாம், வியர்வை சொட்டிச் சிவப்பு மையெல்லாம் கரைகிறதாம். "மாத்து ஃபேன் இருக்கா தேவராஜ்?" என்றார். நான் கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள் இவர் ஸ்டூல் போட்டு எங்கள் ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார். "ரெண்டே நாள் ஸ்டெல்லா, திரும்பி வந்துடும்" என்றார்.

சொன்ன மாதிரியே டீச்சர் ஃபேனைக் கட்டி முடித்தோம். இவர் போய் மாட்டிவிட்டு, நம் பச்சை ஃபேனைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினார். நான் ஆசையாய்ப் பாயைத் தட்டிப் போட்டுக் காத்திருந்தேன். சைக்கிள் வந்தது, கேரியரில் வேறு ஒரு கருகின ஃபேன் இருந்தது. நடுவழியில் மளிகைக் கடைக்காரர் ஒருவர் நிறுத்தி, தன் வீட்டு ஃபேனைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொண்டாராம். டீச்சர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ரோடு. அந்த ரோட்டை இந்த மனுஷரால் முழுசாகக் கடக்க முடியவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கேட்டதற்கு வியர்வையைத் துடைத்தபடி அவர் சொன்னது: "கையைக் காட்டிட்டார் ஸ்டெல்லா. காட்டினப்புறம் எப்படிப் போறது?"

எண்ணும்போது பேசாதீர்கள்

ஒரு காயிலுக்கு முந்நூறு சுற்றுக்கு மேலே போகும். எண்ணிக் காட்டுகிற மெஷினெல்லாம் எங்களிடம் கிடையாது. கையால் சுற்றி வாயால் எண்ண வேண்டும். நடுவில் யாராவது பேசினால் கணக்கு போச்சு, கம்பியை உருவிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதனால் சுற்றும்போது யார் வந்து நின்றாலும் பதில் சொல்ல மாட்டேன். இது தெரியாத பேங்க் ஆபீசர் ஒருவர், மாடம்பாக்கம் கோயில் பக்கத்தில் வீடு, வந்து நின்று "என் ஃபேன் ஆச்சாம்மா? எப்ப ஆகும்? ஏம்மா, உங்களைத்தான்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் உதட்டை அசைத்தபடி முறைத்தேன். "ஒரு மனுஷன் வெயில்ல வந்து நிக்கிறேன், வாயைத் திறந்து பதில் சொல்லக் கூடாதா?" என்றார். கணக்கு போனது. அப்புறம் வாயைத் திறந்தேன். அவர் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னேன்.

பாவம், ஆபீசர் நல்ல மனுஷர். என் வீட்டுக்காரர்தான் அவரை வாசலுக்குக் கூட்டிப்போய் விஷயத்தை விளக்கினார். மறுநாள் ஆபீசர் வந்தபோது செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, ஸ்டூலில் கைகட்டி உட்கார்ந்து, என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, இன்றைக்காவது ஒரு காயில் ஒழுங்காக முடியும் என்று நினைத்தேன். முடிகிற நேரத்துக்கு யாரோ ஒருவர் டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து "அக்கா" என்று வாயெடுத்தார். ஆபீசர் துள்ளி எழுந்தார், எனக்குக் காவல் காக்கிற வேகத்தில் கடையே அதிர ஒரு அதட்டல் போட்டார். அவர் சொன்ன எண்ணுக்கும் என் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. அதைக் கேட்டபிறகு எனக்கு என் எண்ணும் சந்தேகமாகிவிட்டது, மறுபடி கம்பியை உருவினேன். அந்த அதட்டல் இதுதான்: "ஷ்ஷ்! பேசாதீங்க சார், அவங்க முந்நூத்தி எழுபதுல இருக்காங்க!"

கேளம்பாக்கத்துக் கடல் காற்று

எங்கள் பக்கத்தில் கத்திரி மத்தியானம் என்றால் எல்லாரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருப்போம். கடல் காற்று புறப்பட்டு, ஊர் ஊராக விசாரித்துவிட்டுத் தாம்பரத்துக்கு வந்து சேர மணி நாலாகும், அஞ்சாகும். சில நாள் வேளச்சேரியோடு திரும்பிப் போய்விடும். ரோட்டில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும். குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். நுங்கு விற்கிறவரே நிழல் தேடி எங்கள் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார். இந்த நிலைமையில் கேளம்பாக்கத்திலிருந்து பாபு என்று ஒரு ஆள், தாம்பரத்திலிருக்கிற அக்காள் வீட்டு ஃபேனை எடுத்துக்கொண்டு வந்து, உட்கார்ந்த இடத்தில் பெருமை அடிப்பார். "எங்க ஊர்ல பன்னெண்டு மணிக்கே கடல் காத்து வந்துரும்க்கா. ஃபேனு எதுக்கு? சும்மா அழகுக்கு மாட்டி வெச்சிக்கீறோம்." எனக்கு வயிறு எரியும். வெயிலுக்கு மேல் அது வேறு.

அடுத்த வாரம் பார்த்தால் அதே பாபு, பஸ்ஸிலிருந்து தன் வீட்டு ஃபேனோடு இறங்குகிறார். அழகுக்கு மாட்டின ஃபேன் எப்படிக் கருகியது என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் விடவும் மனசில்லை. "என்ன பாபு, உங்க ஊர்க் கடல் வத்திப்போச்சா?" என்றேன். இவர் அதற்குள் மளிகைக் கடைக்காரர் வீட்டிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கின பச்சை ஃபேனைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். வீட்டு வாசல்வரை வந்த ஃபேன் என் கண்ணெதிரே கேளம்பாக்கம் பஸ்ஸில் ஏறப் போகிறது! பாபு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்: "காத்து வருதுக்கா. எங்க வூட்டு எதிர்ல மச்சான் மாடி கட்டிட்டான், இப்போ அது அவன் வூட்டோடவே நின்னுக்கினு கீது."

சத்தம் வேண்டுமாம்

பச்சை ஃபேன் கேளம்பாக்கத்திலிருந்து திரும்பி, வழக்கம்போல வழியில் கை காட்டியவர்களிடம் மாட்டி, செம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே விஜயா என்று சின்ன வயசுப் பெண், ஒரு வயசுக் குழந்தை. அவர்கள் ஃபேன் தயாராகி இவர் மாட்டப் போனால், கதவைத் திறக்காமலே "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்ண்ணா" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். மறுபடி போனார், மறுபடி அதே பதில். மூன்றாம் முறை அவரை நம்பாமல், வயிற்றைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே ரிக்‌ஷாவில் போனேன். போகிற வழியெல்லாம் அவளுக்கு என்னென்ன திட்டுக் கொடுக்க வேண்டும் என்று மனசில் அடுக்கிக்கொண்டே போனேன்.

போய்ப் பார்த்தால் நம் ஃபேன் டொக், டொக் என்று ஓடுகிறது, கீழே குழந்தை வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறது. பிறந்ததிலிருந்து பகலில் கண்ணே மூடாத குழந்தையாம். இந்தச் சத்தம் வந்த நாளிலிருந்து பொத்தென்று தூங்கிவிடுகிறதாம். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் அடுக்கி வைத்திருந்த திட்டெல்லாம் தொண்டையிலேயே நின்றுபோனது. ஆனாலும் ஃபேனை விடவில்லை, கழற்றச் சொல்லிவிட்டேன். அவள் ஃபேனை இவர் மாட்டினார். அது பூனை நடக்கிற மாதிரி சத்தமே இல்லாமல் ஓடியது. இவர் பெருமையோடு அவள் முகத்தைப் பார்த்தார். அவளோ தயங்கித் தயங்கிக் கேட்டாள். கேட்டதை நம்பி இந்த மனுஷர் அரை மணி நேரம் ஏணி மேலே நின்று ஸ்க்ரூவைத் தளர்த்தியும் இறுக்கியும் பார்த்து, சத்தம் எடுக்கத்தான் தெரியும், போடத் தெரியாது என்று கையை விரித்துவிட்டு இறங்கினார். அவள் கேட்டது: "அண்ணா, எங்க ஃபேன்லயும் அந்த டொக் வர்ற மாதிரி கொஞ்சம் ரிப்பேர் பண்ணித் தர முடியுமா?"

டெஸ்ட்

செம்பாக்கத்திலிருந்து நான் ஜாக்கிரதையாகக் கூட்டிவந்த ஃபேன் அன்று சாயங்காலமே பாஸ்டர் வீட்டுக்குப் போய்விட்டது. பாஸ்டர் கேட்டால் நான்கூட இல்லை என்று சொல்ல முடியாது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கடை நிறையச் சரி பண்ணின ஃபேன்கள் கிடக்கின்றன, ஒன்றை வீட்டில் மாட்டினால் என்ன? இவருக்கு அதில் ஒரு கொள்கை உண்டு, கஸ்டமர் பொருள் நம் வீட்டில் ஓடக் கூடாது. நான் விடுவேனா? "ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தாத்தானே சூடு ஏறுதா இல்லையான்னு தெரியும்? இது டெஸ்ட்டுங்க" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே மாட்டிக் கொடுத்துவிட்டு வெளி வேலைக்குப் போய்விட்டார். அப்பாடா என்று காலை நீட்டினேன். பல நாளைக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே வேர்வை காய்ந்தது.

கண் சொக்குகிற நேரத்தில் "யாரும்மா கடையில?" என்று குரல். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரான வேணு சார். ஃபேன் அவருடையதுதான்! எழுந்திருப்பதற்குள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார். இறக்கையில் பேத்தி ஒட்டின ஸ்டிக்கரையும் பார்த்துவிட்டார். "டெஸ்ட் சார்" என்றேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார், ஷீட்டைப் பார்த்தார், கடை வாசற்படிக்கு இந்தப் பக்கம், காற்று வருகிற இடமாகப் பார்த்துத் துண்டை விரித்துப் படுத்தார். குறட்டை வந்தது. நான் மோர் கலக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். எழுந்து மோரைக் குடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்: "ஒரு டெஸ்ட்ல ஒண்ணும் தெரியலம்மா. நாளைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பாரு."

மறுநாள் காலையிலேயே இவர் அதைக் கொண்டுபோய் அவர் வீட்டில் மாட்டிவிட்டு வந்துவிட்டார் என்பது வேறு கதை. கொள்கையாம் கொள்கை.

ஆமென்

காயில் சுற்றி முடித்தால் அதற்கு வார்னிஷ் அடித்துக் காயவைக்க வேண்டும். பெரிய கம்பெனிகளில் அதற்கென்று அடுப்பு இருக்கும், எங்களுக்கு வெயில்தான் அடுப்பு. காலையில் ஷீட்டு மேலே வரிசையாக வைத்தால் சாயங்காலம் கல்லு மாதிரி இறுகிவிடும். ஊரே மழை மழை என்று வானத்தைப் பார்க்கும்போது, நான் மட்டும் இன்னும் ஒரு நாள் காயட்டும், இன்னும் ஒரு நாள் என்று வேண்டிக்கொண்டிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர் மழைக்காக உருக்கமாக ஜெபம் பண்ணினார். கிணறுகள், குளங்கள், ஆடுமாடுகள், குழந்தைகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்க, சபை முழுக்க "ஆமென்" என்றது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, ஆனால் ஷீட்டு மேலே காயில்கள் கிடக்கிறதே.

வாசலில் கை குலுக்கும்போது பாஸ்டர் விடவில்லை. "ஸ்டெல்லா, எல்லாரும் ஆமென் சொன்னப்ப உன் வாய் மட்டும் மூடியிருந்துச்சே, உடம்புக்கு என்னம்மா?" என்றார். நான் மென்று விழுங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னேன். உங்கள் ஃபேனின் காயில் இப்போது எங்கள் கூரை மேலேதான் காய்ந்துகொண்டிருக்கிறது பாஸ்டர், மழை வந்தால் திரும்பவும் முதலிலிருந்து என்றேன். அவர் வானத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அப்படின்னா புதன்கிழமைக்கு மேல பெய்யட்டும்னு நானும் தனியா ஒரு ஜெபம் பண்ணிக்கறேன்."

பழம் கொண்டு வராதவர்

புதன்கிழமை. பாஸ்டர் வீட்டில் அவர் ஃபேனை மாட்டிவிட்டு, பச்சை ஃபேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு இவர் வருகிறார். உச்சி வெயில், ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. கை காட்டுவதற்கும் ஆள் இல்லை. அந்தக் கத்திரியில் முதல் தடவையாக ஃபேன் வழியில் எங்கும் இறங்காமல் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தது. வந்து என்ன? வீட்டில் நான் இல்லை. வலி எடுத்து, பக்கத்துத் தையற்கடை அக்கா என்னை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார். விஷயம் கேட்டதும் இவர் சைக்கிளைத் திருப்பினார். கேரியரில் ஃபேன் இருப்பதே அவருக்கு ஞாபகம் இல்லை.

சிஸ்டர்கள் நடத்துகிற சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி அது. எங்கள் வார்டில் நாலு கட்டில். கூரையில் இரண்டு கொக்கி. ஒன்றில் இருந்த ஃபேன் முந்தின நாள்தான் கருகியிருந்தது, அந்த வாசனை எனக்கு வலியிலும் தெரிந்தது. இன்னொரு கொக்கி வெறும் கொக்கி, ஒயரைச் சுருட்டி வைத்திருந்தார்கள். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. என்னை வார்டுக்குக் கொண்டுவந்து போட்டபோது நான் கண்ணைத் திறந்து பார்த்தால், நீல வானமில்லை, வெள்ளைச் சுவரில்லை, என் வீட்டுக்காரர்தான் ஏணி மேலே நிற்கிறார். கருகின ஃபேனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு நம் பச்சை ஃபேனை மாட்டிக்கொண்டிருக்கிறார். எங்கே போனாலும் கடை வழக்கம் மாறாது! சுவிட்சைப் போட்டார். டொக், டொக் என்று ஆரம்பித்தது. என் மகள் மேலே பட்ட முதல் காற்று எங்கள் வீட்டு ஃபேன் காற்று. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெரிய சிஸ்டர் வாசலில் நின்று இடுப்பில் கை வைத்தபடி சொன்னார்: "இத்தனை வருஷத்துல அப்பாமார் ஆரஞ்சு கொண்டுவந்து பார்த்திருக்கேன், ஆப்பிள் கொண்டுவந்து பார்த்திருக்கேன். ஃபேன் கொண்டுவந்தவர் நீங்கதான்."

வெறும் கொக்கி

மறுநாள் அந்த வெறும் கொக்கிக்குக் கீழே இருக்கிற கட்டிலுக்கு சரசு வந்தாள். கோவிலம்பாக்கம், கட்டட வேலைக்குப் போகிறவள், ஆண் குழந்தை. என் பக்கம் காற்று அள்ளிக்கொண்டு போகும், அவள் பக்கம் ஒரு நூல் அசையாது. "இன்னாக்கா, உன் பக்கம் ஜில்லுனு கீது, என் பக்கம் அனலா அடிக்குது" என்று சிரிப்பாள். அவள் குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு கிளம்பிவிட்டது. நானே கூப்பிட்டு அதையும் என் கட்டிலில் படுக்கவைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் என் மகள், ஒரு பக்கம் அவள் மகன், நடுவில் திரும்ப முடியாமல் நான். மேலே டொக், டொக்.

வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. இவர் ஆஸ்பத்திரி ஃபேனுக்குத் தானே காயில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பச்சை ஃபேனைக் கழற்றினார், அவர்கள் ஃபேனை மாட்டினார். நம் ஃபேன் சாக்கில் சுற்றி வாசல் பக்கம் தயாராக இருந்தது, இந்தத் தடவை நானே கூடப் போகிறேன், எவன் கை காட்டுவான் பார்க்கலாம். என் கட்டிலுக்கு அடுத்து வரப்போகிறவள் பையோடு காத்திருந்தாள். சரசு எழுந்து வந்து, தூங்குகிற தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் கட்டிலில் போட்டு, முந்தானையால் விசிற ஆரம்பித்தாள். அது சிணுங்கியது. நான் வாசல்வரை போனேன். திரும்பிப் பார்க்காமல் போயிருக்க வேண்டும், பார்த்துவிட்டேன். பார்த்தபின் எப்படிப் போவது? "என்னங்க, அந்தக் கொக்கியில ஒயர் சரியா இருக்கான்னு பாருங்க" என்றேன். இவர் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டதோ என்கிற மாதிரி பார்த்தார். "நிஜமாவா ஸ்டெல்லா?" "நான் மனசு மாறுறதுக்குள்ள ஏறுங்க" என்றேன்.

ஃபேன் ஓட ஆரம்பித்ததும் அந்தக் குழந்தையின் சிணுங்கல் நின்றது. சரசு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கண்ணும் கலங்கி, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீ போனா இந்த டொக்கு டொக்கும் தொலையும்னு பாத்தேன், இத்தயும் என் தலையிலயே கட்டிட்டுப் போறியேக்கா!"

மறுபடியும் கடையில்

மகளோடு வீட்டுக்குள் நுழைந்தேன். ஷீட்டு அனலைக் கக்கியது, கூரையில் வெறும் கொக்கி தொங்கியது. எந்த ஒன்றுக்காக அத்தனை நாள் அவரோடு சண்டை போட்டேனோ, அதை நானே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. ஜன்னலுக்கு ஈரச் சாக்கு கட்டினார், விசிறியை எடுத்துக்கொண்டு பாய் பக்கத்தில் உட்கார்ந்து வீச ஆரம்பித்தார். காற்று ஒன்றும் மோசமில்லை. ஆனாலும் மகள் வீல் வீலென்று கத்தினாள். பால் கொடுத்துப் பார்த்தேன், தோளில் போட்டுப் பார்த்தேன், ஒன்றுக்கும் அடங்கவில்லை.

இவர் எழுந்துபோய்க் காலி வார்னிஷ் டப்பாவையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்து வந்தார். ஒரு கையால் விசிறினார், இன்னொரு கையால் டப்பாவில் தட்டினார். டொக். டொக். டொக். பச்சை ஃபேன் ஓடுகிற அதே தாளம். செம்பாக்கத்தில் அரை மணி நேரம் ஏணி மேலே நின்று வராத சத்தம் இப்போது வந்தது. மகள் விக்கினாள், கண்ணை உருட்டினாள், பொத்தென்று தூங்கிப்போனாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த மனுஷரைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கடை வாசலில் சைக்கிள் மணி. "அண்ணா, எங்க ஃபேன் கருகிடுச்சு, மாத்து ஃபேன் இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக என் வீட்டுக்காரர் ஒருவரிடம் இல்லை என்று சொன்னார். தட்டுவதை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "ஃபேன் இல்லைங்க, சத்தம் மட்டும்தான் இருக்கு."

ஊருக்கெல்லாம் காற்று கட்டிக் கொடுத்த எங்கள் வீட்டில் அப்படித் தூங்கிப் பழகிய மகள், இன்றைக்கும் சத்தமே இல்லாமல் ஓடுகிற ஃபேனைப் பார்த்தால் "இது ரிப்பேர்ம்மா, அப்பாவைக் கூப்பிடு" என்கிறாள்.